திருகோணமலையில கடலும் நிலமும் படம் எடுக்கிறது: வானம் வெளிறுது, லென்ஸ் புகையுது, என்ன செய்யலாம்?

பனிவெளி எழுதியது:

வணக்கம். ஒஸ்லோவில நெடுங்காலம் இருந்திட்டு இப்ப திருகோணமலையில குடியேறியிருக்கிறன். வீட்டில இருந்து உப்புவெளிக் கரைக்கு நடந்தே போகலாம். ஒஸ்லோவில பழகின முறையில இங்க படம் எடுத்தா ஒண்டும் சரிவருதில்லை.

கையில இருக்கிறது: ஏபிஎஸ்-சி சென்சர் உள்ள கமரா, 18-55 கிட் லென்ஸ், 10-18 அகலக்கோண லென்ஸ், அலுமினிய ட்ரைபொட், ஒரு போலரைசர் (மினுக்கத்தைக் குறைச்சு வானத்தைக் கறுக்கச் செய்யிற, திருப்பக்கூடிய பில்ட்டர்), ஒரு 10 ஸ்டொப் என்டி பில்ட்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுத்த கண்ணாடி; ஒரு ஸ்டொப்புக்கு வெளிச்சம் பாதியாகும்).

விடியலில நிறம் வருது, ட்ரைபொட்டை நிமித்தி முடியிறதுக்குள்ள போயிடுது. ஏழு மணிக்குப் பிறகு எடுத்தா வானம் வெளிறி, கடல் சாம்பலாக் கிடக்குது. போலரைசர் போட்டாலும் பெரிசா மாற்றம் இல்லை, சில படத்தில வானத்தில ஒரு பக்கம் மட்டும் கறுத்த திட்டு விழுது. ஏசி அறையில இருந்து கமராவை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனா லென்ஸ் முழுக்கப் புகைஞ்சு, அது தெளியவே அரை மணித்தியாலம் போகுது. 10 ஸ்டொப் போட்டு இரண்டு நிமிஷம் திறந்து வைச்சா கடல் வெறும் வெள்ளைப் பரப்பு.

இன்னொண்டு. கோணேசர் கோயில் மலைக்கு நேர பின்னால சூரியன் வாற படம் எடுக்க ஆசை. உப்புவெளியில நிண்டு பார்த்தா சூரியன் எப்பவும் மலையை விட்டு இடப்பக்கம் விலகித்தான் வருது. எந்த மாதம், எங்க நிக்க வேணும்?

புது லென்ஸ் வாங்கினா தீருமெண்டா வாங்கலாம். தெரிஞ்சவை சொல்லுங்கோ.


கோட்டைவாசல் எழுதியது:

லென்ஸ் வாங்காதேங்கோ. மாத்த வேண்டியது மணிக்கூடும் நிக்கிற இடமும்.

முதல்ல நேரம். ஒஸ்லோவில சூரியன் சரிஞ்சு சரிஞ்சு ஏறும். மார்ச் மாதத்தில அங்க அடிவானத்தில இருந்து 6 பாகை உயர முக்கால் மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும், ஆனியில அதுக்கும் கூட. திருகோணமலை எட்டரைப் பாகை அகலாங்கில கிடக்குது. இங்க சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா எழும்பும், அதே 6 பாகைக்கு 25 நிமிஷம் போதும். உதயத்துக்கு முந்தின அந்தி வெளிச்சமும் இங்க 22 நிமிஷம்தான். அந்த நேரத்தில மூண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்டொப் அளவில, அதாவது இரண்டு மடங்கா, வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். நீங்கள் ஒரு படத்தைத் திரையில பெருசாக்கிப் பார்த்து யோசிச்சு முடிக்க, அடுத்த எக்ஸ்போஷர் (படத்துக்கு விடுற ஒளி அளவு) பிழைச்சுப்போயிருக்கும்.

உதயம் வைகாசிக் கடைசியில 5.45 அளவில, தை முடிவில இருந்து மாசி முதல் கிழமை வரைக்கும் 6.25 அளவில. அதுக்கு 50 நிமிஷம் முந்திக் கரையில நிக்க வேணும். டோர்ச் வெளிச்சத்தில முன்னணியை (படத்தின்ர முன்பக்கத்தில வாற பொருளை) தேர்ந்து, ட்ரைபொட்டை நிறுத்தி, அடிவானத்தை மட்டம் பார்த்து முடிச்சிட வேணும். நல்ல நிறம் உதயத்துக்கு 25 நிமிஷம் முன்னாலயிருந்து 10 நிமிஷம் முன்னால வரைக்கும். பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகு சூரியன் வந்து ஒரு 20 நிமிஷம். அவ்வளவுதான்.

கமராவை இரவே தயார்செய்து வையுங்கோ. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் திறப்பு எஃப் 8 இல்லாட்டி எஃப் 11, ரோ பைல் (கமரா திருத்தாத மூலப்படம்), வைற் பலன்ஸ் (நிறச் சமநிலை) 5500 கெல்வினில நிலையா. ஓட்டோவில விட்டா கமரா விடியலின்ர சிவப்பைத் தானே திருத்தி நரைச்சுப்போகச் செய்யும். இருட்டில ஓட்டோபோகஸ் தேடிக்கொண்டே நிக்கும், அதால கையால வையுங்கோ: 10 மில்லிமீற்றரில எஃப் 8 எண்டா ஒரு மீற்றர் தூரத்தில போகஸ் வைச்சா காலடியில கிடக்கிற கல்லில இருந்து அடிவானம் வரைக்கும் கூர்மையா வரும். 18 மில்லிமீற்றரில எஃப் 11 எண்டா ஒண்டரை, இரண்டு மீற்றர். எஃப் 16க்கு மேல போகாதேங்கோ. உங்கட சென்சர் அளவுக்கு அங்க படமே மழுங்கத் தொடங்கும், சென்சரில உள்ள தூசியும் ஒண்டொண்டா வானத்தில தெரியும்.

ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டுற கமராவின்ர வரைபை) பார்க்கேக்க மூண்டு நிறத்தையும் தனித்தனியாப் பாருங்கோ. விடியலில முதல்ல அளவு மீறி வெடிக்கிறது சிவப்பு. மொத்த வெள்ளை வளைவு நல்லாயிருக்குது எண்டு நம்பி எடுத்தா சூரியனைச் சுத்தி மஞ்சள் திட்டா வரும், அதைப் பிறகு எந்த மென்பொருளாலயும் மீட்க ஏலாது. பகலில மணல் படத்துக்கு இதுக்கு எதிர்மாறு: வெள்ளை மணலை கமராவின்ர ஒளிமானி சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை +0.7 இல்லாட்டி +1 ஸ்டொப் கூட்டுங்கோ.

இனி வெளிறின வானம். அது லென்ஸின்ர குற்றம் இல்லை. ஈரப்பதமும் உப்புத் துகளும் காத்தில கனக்க; வெயில் மேலயிருந்து அடிக்க எல்லாத் திசையிலயும் வெள்ளை ஒளி சிதறும். சித்திரை இரண்டாம் கிழமையிலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் நடுப்பகலில சூரியன் சரியா தலைக்கு மேல நிக்கும், நிழலே விழாது. அப்படி நேரத்தில வானத்தைப் படத்தில வைக்காமல் விடுறதுதான் மருந்து.

போலரைசர் வேலை செய்யிறது சூரியனுக்கு 90 பாகை விலகின வானத்தில. காலமை சூரியன் கிழக்கில எண்டா வடக்கும் தெற்கும் நல்லாக் கறுக்கும். உப்புவெளியில நிண்டு நிலாவெளிப் பக்கம் திருப்பிப் பாருங்கோ, மாற்றம் தெரியும். சூரியன் பக்கம் திருப்பினா ஒண்டும் நடக்காது. உங்கட கறுத்த திட்டுக்குக் காரணம் 10 மில்லிமீற்றர்: அது கிட்டத்தட்ட 97 பாகை அகலத்தைப் பிடிக்குது, அந்த அகலத்துக்குள்ள ஒரு பகுதிதான் கறுக்கும். வானம் தெரியிற படத்துக்கு 18க்குக் கீழ போலரைசரைக் கழட்டி வையுங்கோ.

பகலில அதுக்கு வேற வேலை இருக்குது. புறாத்தீவைச் சுத்தி, நிலாவெளியின்ர ஆழங்குறைஞ்ச தண்ணியில அந்தப் பச்சைநீலம் வாறது வெயில் உயரத்தில நிக்கேக்கதான். வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும், காலமை ஒன்பதரையில இருந்து இரண்டு மணிவரை, வெயில் முதுகில விழ நிண்டு, தண்ணியை ஒரு 35, 40 பாகை கீழ்நோக்கிப் பார்க்கிற கோணத்தில போலரைசரைத் திருப்பினா மேற்பரப்பு மினுக்கம் அப்படியே விலகி அடிமணல் தெரியும். விடியலில இந்த நிறம் வரவே வராது. அதால "பகலில எடுக்கக்கூடாது" எண்ட பாடத்தை இந்தக் கரையில அப்படியே பிடிக்கத் தேவையில்லை.

இனி மலை. சூரியன் உதிக்கிற திசை (வடக்கு 0, கிழக்கு 90 எண்டு கொம்பஸ் கணக்கில) இங்க ஆனிக் கடைசியில 66 பாகை, மார்ச்சும் செப்டெம்பரும் 90, மார்கழிக் கடைசியில 114. வருஷம் முழுக்க இந்த 48 பாகைக்குள்ளதான். உப்புவெளியில நிண்டா மலை ஏறத்தாழ 130 பாகையில, தென்கிழக்கில கிடக்கும். அங்க சூரியன் ஒருநாளும் வராது. கரை வழியா நகரத்தை நோக்கி, திருக்கடலூர்ப் பக்கமா வரவர மலை கிழக்கை நோக்கித் திரும்பும். போனில கொம்பஸை எடுத்து மலையின்ர திசையை வாசியுங்கோ, அண்டைக்குச் சூரியன் வாற பாகையோட அது பொருந்துற இடத்தில நில்லுங்கோ. மலைக்கு 2 கிலோமீற்றர் தூரத்தில நிண்டா கரையில 35 மீற்றர் நகர ஒரு பாகை மாறும். சூரியன் அரைப் பாகை அகலம். ஆக 15, 20 மீற்றர் பிசகினாலே சூரியன் கோயிலை விட்டு விலகிப்போகும்.

இதில ஒரு பொறி இருக்குது. மலை ஏறத்தாழ நூறு மீற்றர் உயரம். ஒரு கிலோமீற்றரில நிண்டா சூரியன் உச்சிக்கு மேல வர உதயத்துக்குப் பிறகு 24 நிமிஷம் போயிடும், அதுக்குள்ள நிறம் செத்துப்போகும். 2 கிலோமீற்றரில 12 நிமிஷம். அதால கிட்ட நிண்டு அகல லென்ஸில எடுக்கிறதைவிட, தள்ளி நிண்டு 150, 200 மில்லிமீற்றரில எடுக்கிறதுதான் சரி. இது ஒண்டுக்கு மட்டும் உங்களிட்ட லென்ஸ் இல்லை. வாங்கத்தான் வேணுமெண்டா பழைய 55-250 போல ஒண்டு போதும்.

என்னைக் கேட்டா, நிழலுருவா வாற மலையைவிட வெளிச்சம் பட்ட மலைதான் வடிவு. மார்கழி, தையில டச்சுக்குடாக் கரையில நில்லுங்கோ. மலை வடகிழக்கில, சூரியன் வலப்பக்கத் திறந்த கடலில. மலையின்ர தெற்கு முகம் முழுக்க செம்மஞ்சளாகும், வானம் மேகத்தோட இருக்கும்.


உப்புக்காத்து எழுதியது:

மேல உள்ளவர் வெளிச்சத்தைச் சொல்லிட்டார். நான் சாமானைப் பற்றிச் சொல்றன், இங்க வந்த புதுசில எல்லாரும் காசைத் தொலைக்கிறது இதிலதான்.

புகையிறது ஏன் எண்டா, வெளிக்காத்தில உள்ள ஈரம் 24, 25 பாகை செல்சியஸுக்குக் கீழ குளிர்ந்த எதில பட்டாலும் தண்ணியாகும். நீங்க ஏசியை 22ல விட்டா உங்க லென்ஸும் 22. வெளியில வந்த உடன முன்கண்ணாடி, வியூபைண்டர், சிலவேளை லென்ஸுக்கு உள்ளயும் படியும். துடைச்சாத் திரும்பப் படியும், ஏனெண்டா கண்ணாடி இன்னும் குளிர்தான். அந்த நேரம் லென்ஸைக் கழட்டவே கூடாது, ஈரம் சென்சருக்குப் போயிடும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. இரவு கமராப் பையை ஏசி இல்லாத அறையில வைங்க. அது ஏலாட்டி, அறைக்குள்ளயே கமராவை இறுக்கிப் பூட்டுற பிளாஸ்ரிக் பைக்குள்ள போட்டு, காத்தை வெளியேத்திப் பூட்டி, அப்படியே வெளியில கொண்டுவந்து 40 நிமிஷம் விடுங்க. ஈரம் பைக்கு வெளியில படியும், கமராவில படாது. ஓட்டோவில போறீங்க எண்டா பிரச்சினை இல்லை. காரில ஏசி போட்டுக்கொண்டு போனா திரும்ப முதல்ல இருந்து தொடங்கும்.

உப்பு. வாடைக்காத்துக் காலத்தில அலை பெரிசு, காத்து கடலில இருந்து முகத்துக்கு நேர வரும். பத்து நிமிஷத்தில முன்கண்ணாடியில மெல்லிய உப்புப் படலம் பிடிக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, சூரியனுக்கு எதிரா எடுக்கேக்க படம் முழுக்கப் பால்கலந்த மாதிரி மங்கலா வரும். உலர்ந்த துணியால தேய்க்காதீங்க, உப்புப் பளிங்கு கோட்டிங்கைக் கீறும். நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச மைக்ரோபைபர் துணியால ஒருக்கா ஒத்தி எடுத்து, பிறகு உலர்ந்த துணியால துடைங்க. மூண்டு, நாலு துணி தனித்தனிப் பையில கொண்டுபோங்க, மணலில விழுந்த துணியைத் திரும்பப் பாவிக்காதீங்க. அலை அடிக்கிற இடத்தில படம் எடுக்காத நேரமெல்லாம் லென்ஸ் மூடி போட்டே இருக்கட்டும். கரையில லென்ஸ் மாத்தவே வேணாம். எந்த லென்ஸ் எண்டு வீட்டில முடிவெடுத்திட்டுப் போங்க.

வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் இந்தக் கரைச்சல் குறைவு. கச்சான் காத்து மேற்கில இருந்து, தரைப்பக்கமா வரும். காலமை கடல் குளம் போலக் கிடக்கும். உப்பு வராது, ஆனா மணலும் புழுதியும் வரும். பத்து, பதினொரு மணிக்குக் கடல்காத்து எழும்பினா பெட்டியைக் கட்டிட வேண்டியதுதான்.

ட்ரைபொட்: அலுமினியம் எண்டபடியா கவனம் கூட வேணும். கால்களை நீட்டேக்க ஆகக் கீழ உள்ள மெல்லிய துண்டை முதல்ல முழுசா இழுங்க. அப்பதான் பூட்டு மூட்டு தண்ணிக்கும் மணலுக்கும் மேல நிக்கும். வீட்டுக்கு வந்து மூட்டுகளைத் திறந்து, நல்ல தண்ணியில அலசி, நிழலில காயவைச்சு, முழுக்கக் காஞ்ச பிறகு மூடுங்க. அலசாமல் மடிச்சு வைச்சா இரண்டு கிழமையில திருகுகளில வெள்ளைப் பூப்பூக்கும், பிறகு கால் இழுபடாது.

பூஞ்சணம்தான் பெரிய எதிரி. ஈரப்பதம் 65, 70 வீதத்துக்கு மேல நாள்க்கணக்கா நிண்டா லென்ஸுக்குள்ள வலை மாதிரி படரும். கண்ணாடியில கோட்டிங்கை அரிச்சிட்டா கழுவினாலும் தழும்பு போகாது. தோல் உறை, துணிப்பை இரண்டும் ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற சாமான், அதுக்குள்ள சேமிக்காதீங்க. ட்ரை கபினெற் வாங்கினா நிம்மதி. அது இல்லாமலும் சமாளிக்கலாம்: மூடியில ரப்பர் வளையம் உள்ள 20 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, 250 கிராம் அளவில நிறம் மாறுற சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிற்றல் ஈரமானி. 40க்கும் 50க்கும் இடையில நிக்க வேணும். 30க்குக் கீழ இறக்காதீங்க, ரப்பரும் லென்ஸுக்குள்ள உள்ள கிரீஸும் காஞ்சுபோகும். ஜெல்லின்ர செம்மஞ்சள் நிறம் பச்சையா மாறினா சமையல் அவன் அடுப்பில 110, 120 பாகையில இரண்டு மணித்தியாலம் சூடாக்கி ஆறவிட்டுப் போடுங்க. நீல நிற வகை வேணாம், அதில கோபால்ற் இருக்கு, சமையல் அவனுக்குள்ள வைக்கிற சாமான் இல்லை. அரிசி போட்டா ஈரம் இழுக்கும் எண்டு சொல்றவையை நம்பாதீங்க. அரிசியால வாறது தூசியும் வண்டும்தான்.


பனிவெளி எழுதியது:

அண்ணை, கொம்பஸ் கணக்குக்கு நன்றி, நாளைக்கே கரை வழியா நடந்து பார்க்கிறன். பிளாஸ்ரிக் பை விஷயம் இவ்வளவு லேசா இருக்குமெண்டு நினைக்கேல்லை.

10 ஸ்டொப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே? அதோட, வானத்துக்குச் சரியா எடுத்தா மணல் இருட்டு, மணலுக்கு எடுத்தா வானம் போயிடுது. கிராட் பில்ட்டர் (மேல்பாதி மட்டும் கறுத்த கண்ணாடி) வாங்கலாமோ?


கரைவலை எழுதியது:

10 ஸ்டொப்பைப் பெட்டியில வைச்சிட்டு ஒரு 3 ஸ்டொப்பும் 6 ஸ்டொப்பும் வாங்குங்கோ. இரண்டு நிமிஷம் திறந்து வைச்சு எடுக்கிற படம் உலகத்தில எந்தக் கரையில எடுத்தாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வடிவு அலை திரும்பி இறங்கேக்க மணலில விடுற கோட்டில இருக்குது, அதுக்கு வேண்டியது கால் செக்கனில இருந்து ஒரு செக்கன் வரை.

கணக்கு இப்படி. பில்ட்டர் இல்லாமல் ஷட்டர் 1/8 செக்கன் வருகுதெண்டா 3 ஸ்டொப் போட ஒரு செக்கன். சூரியன் வந்த பிறகு 1/60 எண்டா 6 ஸ்டொப்பில ஒரு செக்கன். 1/30ல 10 ஸ்டொப் போட்டா அரை நிமிஷத்துக்கு மேல. உதயத்துக்கு முன்னால உள்ள இருட்டில பில்ட்டரே தேவையில்லை, தானாவே அரைச் செக்கன் வரும்.

ஷட்டரை எப்ப அமத்துறது எண்டதுதான் கைப்பழக்கம். அலை ஏறி வரேக்க அமத்தினா நுரைப் பரப்பு. ஏறி முடிஞ்சு, ஒரு கணம் நிண்டு, பின்வாங்கத் தொடங்கேக்க அமத்தினா நுரை கோடு கோடா இழுபடும், அந்தக் கோடுகள் பார்வையைக் கடலுக்குள்ள கொண்டுபோகும். தொடர் படமா வைச்சு ஒவ்வொரு அலைக்கும் மூண்டு, நாலு எடுங்கோ, வீட்டில ஒண்டைத் தெரியலாம். கல்லில அடிச்சுச் சிதறுற அலைக்கு மட்டும் எதிர்த்திசை: 1/1000, ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கோ.

படம் கலங்குறது ட்ரைபொட்டால எண்டு கனபேருக்குத் தெரியாது. ஈர மணலில கால் வைச்சா ஒவ்வொரு அலை வந்து போகேக்கயும் அடியில உள்ள மணல் அரிபட்டு ஒரு மில்லிமீற்றர் இறங்கும். ஒரு செக்கன் எக்ஸ்போஷருக்கு அது போதும், அடிவானம் இரட்டையாகும். கால்களை முதல்லயே பலமா அமத்திப் புதையுங்கோ, இரண்டு அலை வந்து போகட்டும், திரும்ப அமத்துங்கோ, மட்டம் பாருங்கோ, பிறகு எடுங்கோ. நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். லென்ஸில ஆட்டம் தடுக்கிற வசதி இருந்தா ட்ரைபொட்டில நிக்கேக்க நிப்பாட்டுங்கோ. ரிமோட் இல்லாட்டி இரண்டு செக்கன் டைமர் போடலாம், ஆனா அலை நேரத்தைப் பிடிக்க அது உதவாது. ஒரு வயர் ரிமோட் பெரிய விலை இல்லை.

கிராட் பில்ட்டர் பற்றி: நிலாவெளி போல அடிவானம் மட்டமா, வெறுங்கடலா இருந்தா 2, 3 ஸ்டொப் மென்விளிம்பு கிராட் நல்லம். மலை, பனை, படகு அடிவானத்துக்கு மேல எழும்பின இடத்தில போட்டா அதுகளின்ர தலையும் சேர்ந்து கறுக்கும். அங்க இரண்டு ஸ்டொப் இடைவெளியில மூண்டு படம் எடுத்துப் பொருத்துறதுதான் சுத்தம். பொருத்தேக்க அலையை மூண்டு படத்திலயும் கலக்க விடாதேங்கோ, பேய்நுரை (ஒண்டுக்கு மேல ஒண்டு படிஞ்ச மங்கல் நுரை) வரும். தண்ணியும் மணலும் ஒரே படத்தில இருந்து, வானம் மட்டும் மற்றதில இருந்து.

முன்னணி பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை, ஆனா இந்தக் கரையில அதுதான் உண்மையான தலையிடி. உப்புவெளியும் நிலாவெளியும் நீட்டுக்கு ஒரே மணல், கல் குறைவு. 10 மில்லிமீற்றரில வெறும் மணலை எடுத்தா பாதிப் படம் காலி. ஆனா கிட்டப் பார்த்தா சாமான் இருக்குது: அடம்பன் கொடி மணலில ஓடிக் கிடக்கும், காலமையில ஊதாப் பூ விரிஞ்சிருக்கும், இராவணன் மீசைப் புல்லு, நண்டு வளையைச் சுத்தி உருட்டிப் போட்டிருக்கிற மணலுருண்டைகள். ட்ரைபொட்டை முழங்காலுக்குக் கீழ இறக்கி, கொடியில இருந்து அரை மீற்றரில வையுங்கோ. கல்லு வேணுமெண்டா சாம்பல்தீவில சல்லி அம்மன் கோயிலடிக்குப் போங்கோ.

கரைவலை இழுக்கிற இடத்தில முதல்ல சம்மாட்டியிட்ட (வலைச் சொந்தக்காரரிட்ட) ஒரு சொல்லுக் கேளுங்கோ. கயித்துக்குக் குறுக்க ட்ரைபொட்டை நிறுத்தினா ஏச்சு வாங்குவியள், அது நியாயம்தான்.


உவர்மலையான் எழுதியது:

பருவத்தைச் சுருக்கமாச் சொல்லுறன். ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வாடை. வானத்துக்கு இதுதான் நல்ல காலம், மழை விட்ட அடுத்த காலமை தூசி கழுவுப்பட்டுத் தூரம் துலக்கமாத் தெரியும். கடல் பொல்லாதது. எந்தக் கல்லில ஏறினாலும் முதல் 15 நிமிஷம் ஏறாமல் நிண்டு அலை எவ்வளவு தூரம் வருதெண்டு பாருங்கோ. ஈரமாக் கிடக்கிற கல்லு எல்லாம் அலை வந்து போன கல்லு. கடலுக்கு முதுகு காட்டி வியூபைண்டரைப் பார்க்காதேங்கோ. கோயில் மலையின்ர அடியில இறங்குற யோசனை இருந்தா அதை விட்டிடுங்கோ. வத்து பெருக்குப் பார்த்துக் காத்திருக்கிற பழக்கத்தையும் விடலாம், இங்க ஒரு மீற்றருக்கும் குறைவு.

திருகோணமலையின்ர பெரிய வசதியை இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. நகரம் இரண்டு தண்ணிக்கு நடுவில கிடக்குது. காலமை டச்சுக்குடாவில உதயம், பின்னேரம் கொஞ்சத் தூரம் நடந்து உட்துறைமுகப் பக்கம் போனா தண்ணிக்கு மேலால அஸ்தமனம். துறைமுகத்துக்குள்ள அலை இல்லை, மலைகளின்ர நிழல் தண்ணியில அப்படியே விழும். உங்கட 10 ஸ்டொப்புக்கு வேலை குடுக்க வேணுமெண்டா அங்க குடுங்கோ, நங்கூரமிட்ட படகு ஆடாத நாளாப் பார்த்து. அஸ்தமனம் கார்த்திகை நடுப்பகுதியில 5.40 அளவில, ஆடியில 6.28 அளவில.

கடலிலயே நிக்கத் தேவையில்லை. தம்பலகாமத்து வயல் பெரும்போகத்துக்கு (மாரிகால நெல் விதைப்புக்கு) தண்ணி கட்டி உழுது கிடக்கிற நாளில, வரம்புக்கு வரம்பு வானம் விழும். பயிர் ஒரு சாண் வளர்ந்திட்டா அந்தப் படம் போச்சு. கிண்ணியாப் பாலம் 2009இல திறந்தது, அதில நிண்டு பார்த்தா தம்பலகாமக் குடா ஒரு பக்கம், கொட்டியாரக் குடா மற்றப் பக்கம். இறக்கக்கண்டியில களப்பு கடலோட சேருற இடம் காத்து எழும்ப முந்தி நல்லம். சித்திரையிலயும் புரட்டாதி, ஐப்பசியிலயும் பின்னேரம் மேற்கில இடிமேகம் கட்டும், அந்த நேரம் எல்லாரும் மேற்கைப் பார்த்துக்கொண்டு நிக்க, கிழக்கில கடலுக்கு மேல இளஞ்சிவப்புப் பட்டி ஒண்டு எழும்பும். திரும்பிப் பாருங்கோ.

கட்டாயம் கவனிக்க வேண்டியது: கடற்படை முகாம், டொக்யாட், சீனன்குடா விமானத்தளம், எண்ணெய்த் தாங்கிகள், இந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பாதேங்கோ, நீட்டு லென்ஸை முற்றாகவே திருப்பாதேங்கோ. பிரெட்றிக் கோட்டைக்குள்ளயும் இராணுவம் இருக்குது, கோயிலுக்குப் போற வழியில மான்களை எடுக்கலாம், கட்டடங்களை விடுங்கோ. கோயில் உள்ளுக்குள்ள கமரா வேண்டாம். டிரோன் எண்டா சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில பதிவு வேணும், இந்த ஊரில அதுக்கு மேலயும் அனுமதி வேணும், கேக்காமல் பறக்க விட்டா டிரோன் திரும்பி வராது. புறாத்தீவு தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தில ரிக்கெற் எடுத்துத்தான் போகலாம். முருகைக்கல்லில ட்ரைபொட்டும் காலும் வைக்கக்கூடாது.


பனிவெளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 3 ஸ்டொப்பும் பிளாஸ்ரிக் பெட்டியும் முதல், லென்ஸ் பிறகு. கடைசியா ஒண்டு: கடலில இருந்து முழுநிலவு எழும்புறதை எடுத்தா நிலவு வெறும் வெள்ளை வட்டம், கடல் கறுப்பு. அதுக்கும் பொருத்தல்தானோ?


கோட்டைவாசல் எழுதியது:

தேவையில்லை, எடுக்கிற நாளை மாத்துங்கோ. பௌர்ணமி அண்டைக்கு நிலவு சூரியன் மறையிற நேரத்தை ஒட்டித்தான் எழும்பும். அடிவான மூட்டத்தை விட்டு வெளிய வந்து துலங்கிறதுக்குள்ள கடல் இருண்டிடும். பௌர்ணமிக்கு முதல் நாள் போங்கோ. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 நிமிஷம் முந்தி எழும்பும், மறைஞ்ச சூரியனின்ர வெளிச்சம் கடலிலயும் மணலிலயும் இன்னும் இருக்கும், இரண்டும் ஒரே எக்ஸ்போஷருக்குள்ள அடங்கும். சூரியன் மறைஞ்சு 5இல இருந்து 15 நிமிஷத்துக்குள்ள எடுக்க வேணும். நிலவு முழு வட்டத்துக்குக் கொஞ்சம் குறைவா இருக்கும், படத்தில ஒருத்தருக்கும் தெரியாது. 200 மில்லிமீற்றரில ஷட்டர் ஒரு செக்கனுக்கு மேல போனா நிலவு நீளும், அதால ஐஎஸ்ஓ 400க்குக் கூட்டி 1/4 செக்கனுக்குள்ள வையுங்கோ. திசைக்கு அதே கொம்பஸ்தான், ஆனா கணக்குத் தலைகீழ்: மார்கழி முழுநிலவு வடகிழக்கில எழும்பும், ஆனி முழுநிலவு தென்கிழக்கில. ஆனியில அது 114ஐயும் தாண்டிப் போற வருஷங்கள் இருக்குது, அதால சூரியனுக்குக் குறிச்ச இடத்தை நம்பாமல் நிலவுக்கு அண்டண்டைக்குத் தனியாப் பார்க்க வேணும்.